மீன்தொட்டியும் மஞ்சள் தாம்பாளமும்

இரட்டைமலை ராஜா குமாரசூரருக்கு இரண்டு விஷயங்களில் பிடிவாதம் அதிகம். ஒன்று வெற்றிலை. சோறில்லாமல்கூட இருந்துவிடுவார், வெற்றிலை இல்லாமல் இருக்க மாட்டார். இன்னொன்று சபா மண்டபத்துத் தூண்கள். வெற்றிலை போடுகிறவர்கள் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை எங்கே தடவுவார்கள்? பக்கத்தில் இருக்கும் தூணில்தான். மண்டபத்தைப் புதிதாகக் கட்டிய கையோடு, தூணில் சுண்ணாம்பு தடவுகிறவன் விரலை எடுத்துவிடுவேன் என்று ராஜா தண்டோரா போட்டுவிட்டார். அதன்பிறகு மண்டபத்துக்குள் அவரைத் தவிர வேறு யாரும் வெற்றிலைப் பெட்டியைத் திறப்பதில்லை.

சிம்மாசனத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கருங்கல்லில் குடைந்த மீன்தொட்டி ஒன்று இருந்தது. அதில் வேலம்பாசியும் கொட்டிச் செடியும் அடர்ந்திருக்கும். நடுவே விரல் நீள மலையோடை மீன்கள் முப்பது ஓடும். ராணி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனம் அவை. மீனைப் பார்த்துக்கொள்ள ராணியோடு மலையிலிருந்து வந்தவள் உலகம்மாள். இங்கேயே யானைப்பாகனைக் கட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகளும் பெற்றுவிட்டாள்.

புது மண்டபத்துக்குத் தொட்டி வந்த நாளிலிருந்தே மீன்களுக்குப் போதாத காலம். பாசி மஞ்சளித்தது. இலைகளில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன.

உலகம்மாள் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். உவர்மண் கரைத்த மாதிரி வழவழத்தது. தினமும் ஒரு குடம் தண்ணீரை இறைத்துவிட்டு ஒரு குடம் மழைத்தண்ணீர் ஊற்றினாள். நாட்டு வாதுமை மரத்தின் சருகுகளைப் போட்டு ஊறவைத்தாள். தண்ணீர் தேன்நிறத்துக்கு வந்து கொஞ்சம் தெளியும். மறுநாள் பார்த்தால் பழைய கதைதான்.

அரண்மனை வைத்தியர் சிகாமணிப் பண்டிதருக்குப் பொறுமை கிடையாது. இரண்டு வீசைப் புளியைக் கரைத்துத் தொட்டியில் கொட்டினார். அன்று சாயங்காலமே நான்கு மீன்கள் மிதந்தன. பழி தன்மேல் வருமே என்று பண்டிதர் முந்திக்கொண்டார். அந்தப் பொம்பளை போடும் சருகுதான் விஷம் என்று சபையில் ஒரே போடாகப் போட்டார்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்தத் தண்ணீரைக் கெடுத்த கை யாருடையதானாலும் சரி, அந்த ஆள் பொழுது சாய்வதற்குள் என் எல்லையைத் தாண்ட வேண்டும். இது என் மூதாதையர்மேல் ஆணை."

சபையின் கண்ணெல்லாம் உலகம்மாள்மேல் திரும்பியது. விகட மந்திரி ஆவுடையப்பர்தான் குறுக்கே புகுந்து மூன்று நாள் அவகாசம் வாங்கினார். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்.

"மலை மீனுக்குச் சருகுத் தண்ணிதான் அய்யா தாய்ப்பால். அதுவும் மெள்ள மெள்ளத்தான் பழக்கணும். காலையில ஒண்ணு, மாலையில ஒண்ணுன்னு தண்ணி மாறினா அதுக உசுரு தாங்காது" என்றாள். "நான் தண்ணியோட உவர்ப்பை இறக்க இறக்க யாரோ ஏத்துறாங்க. யாருன்னுதான் தெரியலை."

ஆவுடையப்பர் மறுநாள் முழுக்கத் தொட்டி ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். கண்டுபிடிக்க அரைநாள்கூட ஆகவில்லை. ராஜா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். மிஞ்சியதைத் துடைக்கத் தூண் பக்கம் கை போனது. சட்டம் ஞாபகம் வந்து கை திரும்பியது. "வாங்கடா கண்ணுகளா" என்று மீன்களைக் கொஞ்சிக்கொண்டே விரலைத் தொட்டியில் அலசினார். ஒரு நாளைக்கு இப்படி இருபது தடவை. கண்டுபிடித்ததில் கஷ்டமில்லை, அதை வாயைத் திறந்து சொல்வதில்தான் கஷ்டம்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆவுடையப்பர் பித்தளைத் தாம்பாளத்தில் மழைத்தண்ணீர் விட்டு மஞ்சளைக் கரைத்துக்கொண்டு சபைக்கு வந்தார். தொட்டியைக் கெடுத்த விரல் பட்டால் இந்தத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும் என்றார். உலகம்மாள் நடுங்கியபடி விரலை விட்டாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பண்டிதர் அவளைவிட அதிகமாக நடுங்கினார். அதற்கும் நிறம் மாறவில்லை. காவலர்கள், புலவர்கள், சேனாபதி என்று எல்லோரும் விரலை நனைத்தாகிவிட்டது.

ராஜா அப்போதுதான் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் கையை நீட்டினார். அந்தக் கைக்கும் தொட்டிக்கும் நடுவே தாம்பாளத்தை நீட்டினார் மந்திரி. "மகாராஜா ஒருவர்தான் பாக்கி."

ராஜா சிரித்துக்கொண்டே விரலை விட்டார். விரலைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது. கலக்கிப் பார்த்தார். தாம்பாளம் முழுக்கக் குங்குமமாகிவிட்டது.

இது ஏதோ கண்கட்டு வித்தை என்று பண்டிதர் முணுமுணுத்தார். ராஜா கையமர்த்தினார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது தெரியாத ஆள் யார்? விரலைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், மூலையில் ஒண்டியிருந்த மீன்களைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"ஆணையிட்டவன் நான்தான். இந்த விரலும் என்னுடையதுதான்" என்றார் மெதுவாக. "ஆவுடையப்பரே, பொழுது சாய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?"

மந்திரி சிவந்த தாம்பாளத்தைத் தூக்கி ராஜாவின் முகத்துக்கு நேரே மூன்று முறை சுற்றினார். அதில் விரலைத் தொட்டு அவர் நெற்றியில் ஒரு பொட்டும் வைத்தார்.

"மகாராஜா, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் அதற்குப் பெயர் ஆரத்தி. நம் நாட்டில் ஆரத்தி சுற்றி ஆளை வீட்டுக்குள்தான் அழைப்போம். வெளியே அனுப்பினதாகச் சரித்திரம் உண்டா?"

ராஜா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை சேனாபதியின் அங்கவஸ்திரத்தில் தெறித்தது. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். தொட்டி விஷயத்தில் இனி உலகம்மாள் சொல்வதே சட்டம் என்றார். தினமும் அவளுக்கு ஒரு குடம் மழைத்தண்ணீர் சுமக்கும் வேலை பண்டிதருக்குக் கிடைத்தது.

அதெல்லாம் முடிந்ததும் ராஜா இன்னொரு வெற்றிலை எடுத்துச் சுண்ணாம்பு தடவினார். கை பழக்கத்தில் தொட்டிப் பக்கம் போனது. உலகம்மாள் லேசாகக் கனைத்தாள். ராஜா எழுந்து நடந்து போய், சபை பார்த்திருக்க, பளபளவென்றிருந்த தன் புதுத் தூணில் விரலை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார்.