தித்தியின் பெயருக்கு விழுந்த கற்கள்

பறவைகளெல்லாம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவியின் கூட்டில் ஒரு கல்கூடக் கிடையாது. வெறும் மண்ணில் நெஞ்சை அழுத்திச் சுழன்று சிறு குழி செய்யும். அதில் நான்கு முட்டை இடும். குழியைச் சுற்றி வேறு ஒன்றும் இருக்காது. அதனால் தூரத்திலிருந்து பார்த்தாலும் முட்டை முட்டையாகவே தெரியும்.

ஒரு கண்மாய்க்கும் அதற்கு வடக்கே கிடந்த பொட்டலுக்கும் நடுவில் வெயிலாள் என்ற ஆள்காட்டி முட்டையிட்டிருந்தாள். அவள் பொட்டலில் பிறந்தவள். அவள் கணவன் கரையன் கண்மாய்க் கரையில் பிறந்தவன். இட்ட நான்கில் ஒன்றைக் கீரி கொண்டுபோனது. ஒன்று மாட்டின் குளம்பில் நசுங்கியது. ஒன்று பங்குனி வெயிலில் உள்ளேயே கெட்டது. மிச்சம் ஒன்று. இருபத்தெட்டாம் நாள் காலையில் அந்த ஒன்று பொரிந்தது. பெண் குஞ்சு.

ஆள்காட்டிக் குஞ்சு பிறந்த அன்றே நடக்கும். ஆனால் குழியைவிட்டு இறங்குவதற்கு அந்தக் குலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சொந்தக்காரர்கள் கூடிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகுதான் குஞ்சு எழுந்து ஓடும், கண்மாயில் முதல் தண்ணீர் குடிக்கும். பெயர் விழாத பிள்ளைக்குத் தண்ணீர் காட்டமாட்டார்கள். அதனால் வெயில் உச்சிக்கு வருமுன் எப்படியும் காரியத்தை முடித்துவிடுவார்கள்.

அன்று கண்மாய்க் கரையிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். பொட்டலிலிருந்தும் ஒன்பது பேர். என்ன பெயர் என்பதில் சண்டையே இல்லை. இரண்டு வீட்டாரும் ஒரே பெயரைத்தான் கொண்டுவந்திருந்தார்கள்: தித்தி. சொல்கிற விதத்தில்தான் வந்தது வினை. பொட்டலார் வெட்டிச் சொன்னார்கள், "தித்தி." கரையார் இழுத்துச் சொன்னார்கள், "தித்தீ..."

கரையனின் அக்காள் ஓடையாள் முன்னால் வந்தாள். "தித்தீங்கிறது எங்க பெரியத்தை பேரு. கண்மாய் வத்தின வருசம் ஈரம் இருந்த இடத்தைக் கால் நகத்தால கீறிக் காட்டினவ. வெட்டிச் சொன்னா அது அவ பேரே இல்ல."

வெயிலாளின் அண்ணன் பொட்டலான் விடவில்லை. "தித்திங்கிறது எங்க சித்தி பேரு, மதினி. காட்டுல தீப் பிடிச்சப்ப நாலு குஞ்சையும் தீக்கு முன்னால ஓட்டிக்கிட்டு வந்தவ. தீ துரத்தும்போது இழுத்து இழுத்துக் கூப்பிட நேரம் ஏது?"

"அதனாலதான் உங்க வீட்டுல எல்லாருக்கும் விக்கல் வந்த மாதிரிப் பேச்சு."

"உங்க வீட்டுல ஒரு பேரைக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அந்தப் பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பொறந்துடும்."

குலத்தில் இப்படி வழக்கு வந்தால் கல் வைத்துத் தீர்ப்பார்கள். ஆளுக்கு ஒரு கல். தாய்க்கும் தகப்பனுக்கும் கல் கிடையாது. பொட்டலார் போய்த் தங்கள் காட்டிலிருந்து கருங்கல் பொறுக்கி வந்தார்கள். கரையார் கண்மாயோரத்திலிருந்து பழுப்புக் கல் பொறுக்கி வந்தார்கள். குழிக்கு வடக்கே ஒன்பது, தெற்கே ஒன்பது. சமம்.

யாரும் திரும்பிப் போகவில்லை.

"பெரியத்தை உசுரோட இருந்தா அவளும் ஒண்ணு வச்சிருப்பா" என்று ஓடையாள் பத்தாவது கல்லை வைத்தாள்.

"அப்படின்னா எங்க சித்தியும் வச்சிருப்பா" என்று பொட்டலான் ஒன்று வைத்தான். "சித்தப்பாவும் வச்சிருப்பாரு." இன்னொன்று வைத்தான்.

"உங்க சித்தப்பா கண்மாய்க்கு வந்து எங்க தண்ணியைக் குடிச்சு வளர்ந்தவரு. அவரு கல்லு எங்க பக்கம்!" என்று ஓடையாள் அந்தக் கருங்கல்லை அலகால் தள்ளித் தெற்கே கொண்டுபோனாள். அதைப் பிடுங்கப் பொட்டலான் பாய்ந்தான். செத்துப்போன ஒவ்வொருவர் பேரைச் சொல்லியும் இரண்டு பக்கமும் இன்னும் கல் விழுந்தது. பிறகு குழிக்குக் கிட்டத்தில் இருக்கும் கல்லுக்குத்தான் மதிப்பு என்று யாரோ ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். பதினெட்டுப் பேரும் தங்கள் தங்கள் கல்லை உள்ளே தள்ளினார்கள். கருப்பும் பழுப்பும் கலந்து குழியைச் சுற்றி நெருங்கிக்கொண்டன. பொட்டலான் எண்ணியபோது முப்பத்தொன்று. ஓடையாள் எண்ணியபோது முப்பத்து மூன்று.

வெயில் ஏறியது. வெயிலாள் இரண்டு சிறகையும் விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடித்து நின்றாள். குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

"எப்படியாவது கூப்பிட்டுத் தொலைங்க, மதினி. இது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். நாக்கு வறண்டு கிடக்கு" என்றாள் வெயிலாள்.

"எப்படியாவது கூப்பிட முடியுமா? ஒரு தடவை தப்பாக் கூப்பிட்டா ஆயுசுக்கும் தப்பு" என்றாள் ஓடையாள்.

கரையன் அதிகம் பேசாதவன். கண்மாயில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு சொட்டச் சொட்ட வந்தான். அக்காள் குறுக்கே நின்றாள். "பேர் விழாத பிள்ளைக்கா? நில்லுடா அங்கேயே." அவன் நின்றான். வயிற்றிலிருந்து சொட்டிய தண்ணீரை மண் குடித்தது.

குஞ்சு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. "தித்தி" என்று சத்தம் வந்தால் வடக்கே தலையைத் தூக்கும். "தித்தீ..." என்று வந்தால் தெற்கே திரும்பும். யார் ஒருமுறை தன்னைப் பார்த்துக் கூப்பிட்டாலும் ஓடிவிடலாம் என்று இரண்டு காலையும் மடக்கித் தயாராக உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் பருந்து வந்தது.

நிழல் கற்களின் மேல் ஓடியதும் பதினெட்டுப் பேரும் கூச்சலிட்டு எழும்பினார்கள். வெயிலாளும் கரையனும் அதன் முகத்துக்கு நேரே பாய்ந்தார்கள். பருந்து ஒதுங்கி மறுபடி வட்டம் போட்டது.

பொட்டலான் வடக்கிலிருந்து கத்தினான். "தித்தி! இங்க ஓடி வா!"

குஞ்சு எழுந்து நின்றது.

ஓடையாள் தெற்கிலிருந்து கத்தினாள். "தித்தீ... இங்க வாடி தங்கம்!"

குஞ்சு திரும்பிக் குழியைவிட்டு ஓர் அடி வைத்தது. வடக்கே நூறு அடிக்கு வெறும் மண். தெற்கேயும் அதே வெறும் மண். அசைந்ததைப் பருந்து பார்த்துவிட்டது. சிறகை ஒடுக்கிக்கொண்டு இறங்கியது.

குஞ்சு எந்தப் பக்கம் ஓடினாலும் செத்தது என்று வெயிலாளுக்குத் தெரிந்தது. ஓடாதே என்றால் அன்று பொரிந்த குஞ்சுக்குப் புரியாது. பெயர் ஒன்றுதான் புரியும். அவள் இரண்டு வீட்டுச் சொல்லையும் ஒரே மூச்சில் சேர்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"தித்தித் தித்தீ!"

அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வடக்கே போவதா தெற்கே போவதா என்று குஞ்சுக்குத் தெரியவில்லை. எங்கும் போகாமல் நின்ற இடத்திலேயே கால் மடங்கி விழுந்து, கழுத்தை நீட்டிக் கற்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டது.

பருந்து கீழே வந்தது. அதன் கண்ணுக்கு முன்னால் கருப்பும் பழுப்புமாகக் கல். எங்கு பார்த்தாலும் கல்.

"இப்பதானே ஒண்ணு நடந்துச்சு?" என்றது.

"தித்தித் தித்தீ! தித்தித் தித்தீ!" என்று வெயிலாள் அதன் தலைக்கு மேலே அலறினாள்.

"காது போகுது, தாயி. கொஞ்சம் நிறுத்து" என்று பருந்து ஓர் உருண்டையைக் கொத்தியது. கல். பக்கத்தில் இருந்ததைக் கொத்தியது. அதுவும் கல். அலகு வலித்தது. "ஊருல இருக்கிற கல்லையெல்லாம் ஏன் இங்க கொண்டு வந்து கொட்டியிருக்கீங்க?" என்று கேட்டது. எல்லோருக்கும் வெட்கம். பருந்து எழும்பி, மூன்று சுற்றுச் சுற்றி, ஓடைப் பக்கம் போய் மறைந்தது.

வெயிலாள் ஓடி வந்தாள். குழியில் குஞ்சு இல்லை. கற்களைப் பார்த்தாள். எது கல், எது தன் பிள்ளை என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. பருந்தின் காலில் எதுவும் இல்லாததை அவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. அதனால் மூச்சோடு மூச்சாக, மண்ணுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அந்தப் பெயரைச் சொன்னாள்.

கற்களுக்கு நடுவில் ஒரு கல் கண்ணைத் திறந்தது.

பிறகு எழுந்தது. முதுகில் தாய் ஊர்க் கருப்பும் தகப்பன் ஊர்ப் பழுப்புமாக, நூல் போன்ற இரண்டு காலில் தடுமாறி ஓடி வந்து அவள் இறகுக்குள் புகுந்துகொண்டது. வெயிலாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பேசியது ஓடையாள்தான். "இழுத்துத்தானே சொன்னே, வெயிலா?"

"வெட்டித்தான் சொன்னா. என் தங்கச்சி வேற எப்படிச் சொல்வா?" என்றான் பொட்டலான்.

"நான் எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல, மதினி" என்றாள் வெயிலாள். "மெதுவாச் சொன்னா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. நீங்களே சொல்லிப் பாருங்க."

ஓடையாள் குனிந்து மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பொட்டலானும் சொல்லிப் பார்த்தான். இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். குஞ்சு இரண்டுக்கும் தலையை நீட்டியது. ஓடையாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விக்கல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, தம்பி" என்றாள்.

அதற்குள் கரையன் முன்னால் நடந்து மெல்லக் கூப்பிட, குஞ்சு அவன் பின்னாலேயே கண்மாய்க்கு ஓடியது. ஏழு வாய் தண்ணீர் குடித்தது. ஒவ்வொரு வாய்க்கும் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தது. "குடிச்சிட்டா" என்று கரையன் எல்லோருக்கும் சொன்னான். பிள்ளையின் பெயரைத் தவிர அன்று அவன் பேசியது அது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது பொட்டலார் தங்கள் கற்களைப் பொறுக்கத் தொடங்கியிருந்தார்கள். வெயிலாள் குழிமேல் ஏறி நின்றாள். "ஒரு கல்லையும் தொடக்கூடாது. அடுத்த தடவை பேர் வைக்க வரும்போது இன்னும் ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க."

அன்று முதல்தான் ஆள்காட்டி தன் குழியைச் சுற்றிச் சின்னச் சின்னக் கல்லாகப் பொறுக்கி வைக்கிறது. ஆபத்து வந்தால் தாய் தலைக்கு மேலே பறந்து, முதலில் வெட்டியும் கடைசியில் இழுத்தும் கத்துகிறது. அதன் குஞ்சும் கல்லோடு கல்லாகப் படுத்துக் கிடந்து, தாய் மெல்லக் கூப்பிட்ட பிறகே எழுந்து ஓடுகிறது.