ராயர் உட்கார்ந்த இழுப்புருளை

முன்னொரு காலத்தில் ஆலங்கா நாட்டை அடலேறு பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒன்று சொல்வார், சாப்பாட்டுக்குப் பிறகு வேறொன்று சொல்வார். சபை இரண்டுக்கும் தலையாட்ட வேண்டும். எந்தப் பொருளும் பெரிதாக இருந்தால்தான் அவருக்குப் பொருளாகவே தெரியும்.

அப்படித்தான் ஒரு வருஷம், கரும்பு பிழிய யானை மாதிரி ஒரு கல் ஆலை செய்யச் சொன்னார். செய்தார்கள். அதை வண்டியில் ஏற்றிக் கரும்புக்காட்டுக்குக் கொண்டுபோகும் வழியில், ஏரிச் சேற்றில் வண்டியும் ஆலையும் பாதி புதைந்துவிட்டன. மாட்டைப் பூட்டினால் மாடும் புதைகிறது. ஆளை இறக்கினால் ஆளும் புதைகிறான்.

மாட்டிக்கொண்டவர் மந்திரி மாகாளி. "ஆலை வந்துவிடும், தைரியமாக வெட்டுங்கள்" என்று குடியானவர்களுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர்தான். வெட்டின கரும்பு குவியல் குவியலாக வெயிலில் காய்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் சாறு வற்றி, ஊரெல்லாம் அடுப்பெரிக்கத்தான் ஆகும். மாகாளி பரம்பரை மந்திரி இல்லை. பாரவண்டி ஓட்டி, சந்தை சந்தையாகப் பேரம் பேசி, ஏமாந்து, முட்டி மோதி மேலே வந்தவர். கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும்.

"துறைமுகத்தில் படகைக் கரையேற்ற இழுப்புருளை வைத்திருக்கிறார்கள் மகாராஜா. கைப்பிடியைச் சுற்றினால் வடம் உருளையில் சுற்றிக்கொண்டே பொருளை இழுத்துவரும். ஒன்று வாங்கினால் ஆலையை மீட்டுவிடலாம்" என்றார்.

அரண்மனைச் சாமான்களைக் காக்கும் உக்கிராணத் தலைவர் சிங்காரராயருக்கு இது பொறுக்குமா? "படகுக்காரன் சாமானா மகாராஜாவின் ஆலையைத் தொடுவது? நான் செய்து தருகிறேன், ராஜ உருளை!" என்று குதித்தார்.

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "யாருடைய உருளை ஆலையை மீட்கிறதோ, மந்திரி முத்திரை மோதிரம் அவருக்கு. மாகாளி, மோதிரத்தைக் கழற்றி இப்படி வையும்!"

இரண்டு உருளைகளும் அரண்மனை முற்றத்துக்கு வந்தன. ராயருடையது கருங்காலி மரம், பித்தளைப் பட்டை, முகப்பில் சிங்கத்தலை. ஒரு மந்தை மாடு இழுத்துவந்தது. மாகாளியுடையதை இரண்டு பேர் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் தூக்கிவந்தார்கள்.

"என்னய்யா இது, அந்தப்புரத்துப் பூக்கூடையா?" என்றார் ராஜா. சபை விழுந்து விழுந்து சிரித்தது.

முற்றத்தில் ஒரு பெரிய கல்லைப் போட்டு இழுக்கச் சொன்னார்கள். ராயரின் உருளை தன் கனத்தில் அசையாமல் நின்று கல்லைக் கடகடவென்று இழுத்துவிட்டது. மாகாளியுடையதைச் சுற்றினால், கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உருளைதான் தரையில் வழுக்கிக்கொண்டு கல்லை நோக்கிப் போகிறது!

"மந்திரியாரே, உம்முடைய உருளை கல்லை இழுக்கவில்லை. கல்தான் அதை இழுக்கிறது!" என்று ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாகாளிக்குச் சுரீரென்று ஏறியது. "ஐயா, பின்பக்கத்தை எதிலாவது கட்டிவிட்டுச் சுற்றினால்தானே இழுக்கும்? அந்தத் தூணில் கட்டவிடுங்கள்!"

"அரண்மனைத் தூணில் கயிறா? மாட்டுத்தொழுவமா இது?" என்றார் ராஜா. "ராயரே, நாளைக் காலை உம்முடைய உருளையே ஏரிக்குப் போகட்டும்."

"போகட்டும் மகாராஜா" என்றார் மாகாளி, பல்லைக் கடித்தபடி. "போய்ச் சேரட்டும்."

மறுநாள் நாடே ஏரிக்கரையில் நின்றது. ராஜ உருளை மேளதாளத்தோடு சேற்றில் இறங்கியது. ஆலைக்கு இன்னும் ஒரு வடத்தின் நீளம் தூரம் இருக்கும்போது, தளக்கென்று அமிழ்ந்தது. மாடுகள் நுகத்தை உதறிக்கொண்டு கரையேறிவிட்டன. சிங்கத்தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"என்ன ராயரே?" என்றார் ராஜா.

"சேறு... மரியாதை தெரியாத சேறு மகாராஜா!"

குடியானவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு மரம் கிடையாது, பாறை கிடையாது. மாகாளி தம் சின்ன உருளையோடு போய் நின்று நாலு பக்கமும் பார்த்தார். எதில் கட்டுவது? பார்வை சிங்கத்தலையில் வந்து நின்றது. முகம் மலர்ந்துவிட்டது.

சேற்றில் பலகை பரப்பி, ஆலைக்கும் ராஜ உருளைக்கும் நடுவே தம் உருளையைக் கொண்டுபோய் வைத்தார். அதன் பின்பக்கத்தை ராஜ உருளையின் சிங்கத்தலைக் கழுத்தில் இறுகக் கட்டினார். முன்பக்கத்து வடத்தை ஆலை வண்டியில் பூட்டினார்.

"ராயரே, இப்படி வாருங்கள். உங்கள் உருளை கொஞ்சமும் அசையக் கூடாது. அதன்மேல் உங்களைப் போல ஒரு கனமான மனிதர் உட்கார்ந்தால்தான் சரிவரும்."

கனமான மனிதர் என்றதும் ராயருக்குப் பெருமை. அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு, சிங்கத்தலைமேல் ஏறி அமர்ந்தார்.

நாலு பேர் கைப்பிடியைச் சுற்றினார்கள். வடம் விறைத்தது. ராயர் ஒரு சாண் கீழே போனார்.

"மந்திரி, நான் இறங்குகிறேன்!"

"நன்றாக இறங்குங்கள் ராயரே, அதுதான் வேண்டும்!"

மெல்ல, விரல் விரலாக, சேறு உறிஞ்சிய வாயைப் பிளந்து ஆலையை விட்டது. சக்கரம் பலகையில் ஏறியது. அங்கிருந்து மாடுகள் இழுத்துக் கரை சேர்த்துவிட்டன. குடியானவர்கள் போட்ட கூச்சலில் ஏரிக் கொக்கெல்லாம் பறந்தது.

அன்று சாயங்காலமே கரும்பு ஆலைவாய்க்குள் போனது. முதல் சொம்புச் சாறு ராஜாவுக்கு வந்தது. மார்பு வரை சேறு அப்பிய ராயரும் வந்தார்.

"மகாராஜா, என் உருளை இல்லாவிட்டால் ஆலை வந்திருக்குமா?"

"வந்திருக்காது மகாராஜா, நிஜம்" என்றார் மாகாளி.

ராஜா மோதிரத்தை எடுத்து மாகாளி விரலில் தாமே மாட்டினார். அடுத்து ராயரின் தோளில் பொன்னாடை போர்த்தினார். "இனி நம் ராஜ்யத்தில் எங்கே எது புதைந்தாலும், முதலில் போய் உட்காரும் அதிகாரம் ராயருக்கு!"

சிரிப்பு அடங்குவதற்குள் ராயர் மாகாளியின் காதோரம் வந்தார். "மந்திரியாரே, என் உருளையை எப்போது வெளியே எடுப்பீர்கள்?"

"எடுத்துவிடலாம் ராயரே. அதை இழுக்க அதைவிட அசையாத பொருள் ஒன்று வேண்டும். கரையில் வந்து உட்காருகிறீர்களா?" என்றார் மாகாளி, எல்லோருக்கும் கேட்கும்படி.

ராஜா குடித்த சாறு மூக்கு வழியாக வந்தது. அன்று முதல் ஆலங்கா நாட்டில் சாமான் வாங்கப் போகிறவர்கள், "அது வேலை இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேருமா?" என்று கேட்ட பிறகே விலை கேட்டார்களாம்.