அண்ணாச்சி பைக்கின் கட்டுக்கம்பி

தூத்துக்குடியில் வெல்டிங் மெஷின் விற்கிற பொன்னையா அண்ணாச்சிக்கு ஒரு சட்டம் உண்டு. காசு கொடுக்குமுன் யாரும் மெஷினை ஓட்டிப் பார்க்கக்கூடாது. விற்றதைத் திரும்ப வாங்கவும் மாட்டார்.

அங்கே எஸ்தர் வந்தாள். ஓட்டல்களில் ஓட்டை விழும் அலுமினியக் குண்டான்களை வீட்டிலேயே ஒட்டிக் கொடுத்துப் பிழைக்க, அவளுக்கு ஒரு சின்ன டிக் வெல்டிங் மெஷின் வேண்டும். வளர்த்த ஆடுகளை விற்றுவிட்டு வந்திருந்தாள். தப்பானதை வாங்கினால் இன்னொன்றுக்கு வழியில்லை.

"இந்த டிசி மெஷினை எடுத்துட்டுப் போ. இரும்பு, எவர்சில்வர், அலுமினியம் எல்லாம் ஒட்டும்," என்றார் அண்ணாச்சி.

"அலுமினியத்துக்கு ஏசி கரண்டும் தர்ற மெஷின்தான் வேணும்னு சொல்றாங்களே?"

"கடை வச்சிருக்கது நானா, அவங்களா?"

எஸ்தர் வாசலைப் பார்த்தாள். அண்ணாச்சியின் பைக்கில் கால் வைக்கிற அலுமினியத் தாங்கி உடைந்து, கட்டுக்கம்பியால் கட்டியிருந்தது.

"சரி அண்ணாச்சி, உங்க சட்டப்படி நான் மெஷினைத் தொடல. நீங்களே அந்தத் தாங்கியை ஒட்டுங்க. ஒட்டுச்சுன்னா பேரம் பேசாம வாங்கிக்கிறேன்."

கடையில் நின்றவர்களெல்லாம் பைக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். வேலையாள் ஸ்பானரோடு எழுந்தான். "கழட்டிட்டு வரவா, மொதலாளி?"

"ஏலே, தொடாத! டிசியில வச்சா உருகி ஊத்திரும்!"

"அப்போ என் குண்டான்?" என்றாள் எஸ்தர்.

அண்ணாச்சி மேல்தட்டிலிருந்து ஏசியும் டிசியும் உள்ள சின்ன மெஷினை இறக்கினார். அவர் பைக்கின் தாங்கியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எஸ்தர் காசை எடுத்தாள்.