மூன்று அடுப்புக் கற்களைக் கைது செய்த கதை

அநியாயம் நடந்தது நீலிக்கு. கல்யாணமாகி நான்கே நாள். அவளும் கணவன் சடையனும் ஆற்றில் பொறுக்கி வந்து வைத்த மூன்று அடுப்புக் கற்களை, நெடுங்கோ மன்னரின் படை காரைமலைக்கே ஏறி வந்து கைது செய்துகொண்டு போய்விட்டது. எட்டு வீரர்கள், மூன்று கற்கள். வெற்றி வீரர்களுக்குத்தான்.

குற்றம்? காட்டை அழித்தது.

காடு பாதியாகிவிட்டதே, ஏன் என்று மன்னர் கேட்டிருந்தார். ஆராயும் பொறுப்பு மந்திரி ஞானக்கொழுந்தருக்கு. மலைக்குப் போனால் கால் வலிக்கும், அட்டை கடிக்கும். ஆகவே அவர் அரண்மனைக் கோபுரத்தில் நின்றபடியே ஆராய்ந்தார். விடிந்ததும் மலையில் எத்தனை புகை எழுகிறது என்று எண்ணினார். முன்பு நாற்பது, இப்போது அறுபது. புகை கூடியிருக்கிறது, காடு குறைந்திருக்கிறது. அப்படியானால் புகைதான் காட்டைத் தின்கிறது! அவை அறிஞர்கள் ஏழு பேரும் தலையாட்டினார்கள். வேறு எதற்கு அந்தத் தலைகள்?

ஆணை பிறந்தது. 'குடும்பத்துக்கு ஓர் அடுப்பு. கல்யாணமானாலும் பிரிந்துபோய்ப் புது அடுப்பு மூட்டக் கூடாது.' அதை ஓலையில் எழுதியவள் அரசவையின் ஓலைக்காரி உமையாள். எழுதிய கை அன்று முழுக்க அவளுக்கு அரித்துக்கொண்டே இருந்தது.

கற்கள் கைதான மூன்றாம் நாள் நீலி அவைக்கே வந்துவிட்டாள்.

"சாமி, எங்க வழக்கத்துல அடுப்பு மூட்டாத கல்யாணம் கல்யாணமே இல்ல. மழைக்கு முன்னால மூட்டலன்னா நான் அப்பன் வீட்டுக்குத் திரும்பிப் போகணும். அடுப்பு இல்லாத வீட்டுக்குத் தினை விதைக்க நிலமும் கிடையாது. ஒத்த அடுப்பாலயா ஒரு காடு அழிஞ்சிரும்? என் கல்லைக் குடுங்க."

"தனி அடுப்பு என்றால் தனி நிலம். தனி நிலம் என்றால் புதுக் காட்டை வெட்டுவாய். உண்டா இல்லையா?" என்றார் மன்னர்.

"உண்டு சாமி. முன்னல்லாம் புதுக் காட்டை வெட்டினோமா? ஒரு இடத்துல விதைப்போம். பன்னெண்டு வருசம் ஓய விடுவோம். மரம் வளந்ததும் அங்கேயே திரும்பி வருவோம். என் அப்பன் ஓய விட்ட இடத்துக்குப் போன வருசம் போனா, வேலி! உள்ள மிளகுக்கொடி. கப்பல்காரங்க மிளகுன்னா உசிரை விடுறாங்களாம். நாங்க எங்க போறது? மேல ஏறி வெட்டினோம். எங்க ஆம்பளைங்க பாதிப் பேரு அந்த வேலிக்குள்ள கூலிக்குப் போயாச்சு. பெரிய குடும்பமாச் சேந்து விதைக்க ஆளு ஏது? பிரிஞ்சுதான் போகணும்."

"அது தரிசு நிலம்!" என்று பாய்ந்தார் மந்திரி. "தரிசைத் தோட்டமாக்கினால் அதற்குப் பெயர் வளர்ச்சி. உனக்குப் புரியாது."

உமையாளுக்குப் புரிந்தது. அந்த ஓலையையும் எழுதியவள் அவள்தான். பன்னிரண்டு வருட மரங்கள் நின்ற இடத்தைத் 'தரிசு' என்று எழுதச் சொன்னவரும், அது யார் பெயருக்குப் போனது என்பதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன.

"மந்திரியாரின் ஆராய்ச்சியை மறுக்க நான் யார்?" என்று எழுந்தாள். "ஒரே ஒரு சந்தேகம். இந்த ஆணை மலைக்கு மட்டுமா, நாட்டுக்கேவா? மன்னர் குடும்பம், மந்திரி குடும்பம் எல்லாம் சேர்த்தியா?"

"எல்லாருக்கும்தான்!" என்றார் மன்னர் பெருமையாக. "என் மருமகளே இனி என் சமையலறையில்தான் சாப்பிடுவாள்." பக்கத்தில் மகாராணியின் முகம் சுண்டிப்போனது.

"எல்லாருக்கும்தான், எழுது!" என்றார் மந்திரியும்.

"எழுதுகிறேன். நாளைக் காலை உங்கள் முறைப்படியே எண்ணுவோம். புது அடுப்புகளையெல்லாம் வீரர்கள் பறித்தது போக மலையில் பழைய நாற்பது புகைதான் இருக்க வேண்டும். கூடுதலாக ஒன்று எழுந்தால் அந்த அடுப்புக்காரருக்கு என்ன தண்டனை?"

மந்திரிக்கு உற்சாகம் பொங்கியது. "அடுப்பைப் பறி! நிலத்தையும் பறி!"

"பறித்த நிலம் யாருக்கு?"

"முன்னால் அங்கே விதைத்தவனுக்குக் கொடு, எனக்கென்ன!"

"பிடிபடுபவர் நீலி இல்லையென்றால்?"

"அவள் கல்லை அவளே தூக்கிக்கொண்டு போகட்டும்."

உமையாள் ஒரு சொல் விடாமல் எழுதினாள். மன்னர் முத்திரை வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் மன்னரும் மந்திரியும் உமையாளும் கோபுரம் ஏறினார்கள். மந்திரி மூச்சு வாங்கிக்கொண்டே எண்ணினார். "முப்பத்தொன்பது... நாற்பது... நாற்பத்தொன்று! அதோ, சரிவில்! எவ்வளவு கொழுத்த புகை, பார்த்தீர்களா பிரபு? அவன்தான் காடுதின்னி! விடாதீர்கள்!"

அந்தப் புகையை அவர் இத்தனை நாளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். யாருடையது என்று கேட்டதில்லை. அவர் அகராதியில் காட்டை அழிக்கும் புகை ஏழை வீட்டிலிருந்துதான் வரும்.

குதிரை பறந்தது. உச்சிப்பொழுதில் வீரன் அவைக்குத் திரும்பினான். பின்னால் நான்கு பேர் ஒரு கருங்கல் அடுப்பைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். சுற்றிலும் பூவேலைப்பாடு.

"மிளகுத் தோட்டத்து மாளிகை, பிரபு. தேக்குத் தூணே அறுபது இருக்கும். உள்ளே..." வீரன் மந்திரியை ஓரக்கண்ணால் பார்த்தான். "மந்திரியாரின் மகளும் மருமகனும். போன மாதம் கல்யாணமானதும் தனிக்குடித்தனம் வந்தார்களாம்."

மன்னர் முதலில் மந்திரியைப் பார்த்தார். பிறகு தன் முத்திரை வைத்த ஓலையைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தலையாட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அறிஞர்கள் தவித்தார்கள்.

"எழுதியது எழுதியதுதான்! தோட்டத்து நிலம் நீலியின் அப்பனுக்கு. உமையாள், கற்களை விடுதலை செய்!"

நீலி தன் மூன்று கற்களையும் மடியில் கட்டிக்கொண்டாள். மழைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

மந்திரி மன்னர் காலில் விழுந்தார். "பிரபு, இது அடுக்குமா? சின்னஞ்சிறுசுகள்! புதிதாகக் கல்யாணமானவர்கள் தனியாகப் பொங்கித் தின்ன மூட்டியது ஒரே ஓர் அடுப்பு. ஓர் அடுப்பாலா ஒரு காடு அழிந்துவிடும்?"

உமையாள் புது ஓலை ஒன்றை எடுத்தாள்.

"கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் மந்திரியாரே, எழுதிக்கொள்கிறேன். நேற்று நீலி இதையே சொன்னபோது அவையில் யார் காதிலும் விழவில்லை."