சுங்கச்சாவடிக்கு வந்த பாடை

இன்னொரு மிளகு மூட்டை வரி கட்டாமல் சாவடியைத் தாண்டினால் தலை தப்பாது என்று அதிகாரி காவலாள் சடையனை மிரட்டிவிட்டுப் போயிருந்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு பாடை வந்தது. பிணத்துக்கு ஏது வரி? கொள்ளிச்சட்டியோடு முன்னால் அழுதுகொண்டு வந்தவர் மிளகு வியாபாரி திருமேனியார்.

"முகத்தைப் பார்க்கணுங்க ஐயா."

"அம்மை கண்டு செத்த என் அப்பன்டா. துணியை விலக்கினா ஆத்தா உன் பிள்ளைகளை விடமாட்டா."

சடையன் சட்டென்று விலகி நின்றான். கும்பிட்டு வழிவிட்டான். சட்டிப் புகை கண்ணைக் கரித்தது.

"ஐயா, அம்மை கண்டவங்களைப் புதைக்கத்தானே செய்வோம்? எரிச்சா ஆத்தாளையே எரிச்ச பாவமாச்சே. நெருப்பு எதுக்குங்க?"

திருமேனியாரின் அழுகை நின்றது. தூக்கி வந்தவர்கள் பாடையைப் போட்டுவிட்டு ஓட, மிளகு சிதறியது.

சடையன் தராசை இழுத்து வந்தான்.

"அப்பாவை ஏத்துங்க ஐயா, நிறுத்துடலாம்."