விளியம்மை சுரண்டிய வரி

அந்தக் காலத்தில் மனித உடம்புக்குள் இருந்தவர்களுக்கும் வாய் இருந்தது. பேசினார்கள், ஏசினார்கள், சண்டையும் போட்டார்கள். அப்போது ஒரு பனையேறியின் வலது முழங்காலில் அக்காள் தங்கை இருவர் குடியிருந்தார்கள். அக்காள் குருத்தாயி, குருத்தெலும்பு. இரண்டு எலும்புகளும் உரசிக்கொள்ளாமல் நடுவில் மெத்தையாகக் கிடப்பாள். அத்தனை இடியையும் அவளே வாங்குவாள், வாயைத் திறக்கமாட்டாள். தங்கை விளியம்மை, மூட்டைச் சுற்றிய சவ்வில் காவல் இருக்கும் உயிரணு, அவளுக்கு நேர் எதிர். கிருமி நுழைந்தால் கூவிப் படையைக் கூட்டுவதுதான் அவள் வேலை.

அந்த வேலைக்கு ஓர் ஓலை உண்டு. தாயின் ஓலையைப் பார்த்து மகள் படி எடுப்பாள். மகளுடையதைப் பார்த்துப் பேத்தி எடுப்பாள். அதில் இரண்டே வரி: ‘பகை வந்தால் கூவு. பகை ஒழிந்தால் நிறுத்து.’ ஓலையில் இருப்பதைத்தான் அவர்களால் செய்ய முடியும். இல்லாததைத் தலைகீழாக நின்றாலும் செய்ய முடியாது.

கூவினால் வரவேண்டியவன் வெள்ளையப்பன், ரத்தத்தில் ரோந்து சுற்றும் வெள்ளணுப் படையின் தலைவன். வேலையில் எப்படியோ, வீறாப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லாதவன்.

ஒருநாள் பனங்கருக்கு முழங்காலை ஆழமாகக் கிழித்துவிட்டது. கிருமிகள் உள்ளே இறங்கின. விளியம்மை தொண்டை கிழியக் கூவினாள். வெள்ளையப்பன் ரத்தக்குழாய் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தான்.

“ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா? போன வாரம் ஒரு சிராய்ப்புக்கு இந்தக் கத்து கத்தின. வந்து பாத்தா ஒண்ணுமில்ல.”

“நீங்க வந்ததாலதான்யா ஒண்ணுமில்லாமப் போச்சு! எங்க அக்காவ அரிக்குது, ஓடி வாங்க!”

“உங்க அக்கா வாயே திறக்கலையே? வலிச்சா அவ சொல்லட்டும்.”

குருத்தாயிக்கு வலியே தெரியாது. நரம்பு ஓடாத உடம்பு அவளுடையது. அது அவனுக்கும் தெரியும். தெரிந்தே சிரித்துவிட்டுப் போனான், பாவி. கூட இருந்த படையும் சிரித்தது.

மூன்று நாள் கழித்து ஆடி அசைந்து வந்து கிருமிகளை விரட்டினார்கள். அதற்குள் குருத்தாயியில் பாதி போய்விட்டது.

“அதான் வந்துட்டோம்ல, கத்துறத நிறுத்து” என்றான் வெள்ளையப்பன். ஒரு மன்னிப்புக்கூட இல்லை.

விளியம்மைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எலும்புச் சில்லு ஒன்றை எடுத்தாள், ஓலையை விரித்தாள்.

பிறந்ததிலிருந்து பேசாத குருத்தாயி அன்றுதான் பேசினாள். “வேண்டாம்டி. பாதி இருக்கேன்ல, அது போதும்.”

“நீ சும்மா இரு அக்கா. இனிமே இவனுங்க ஒரு நிமிஷம் உக்காரக் கூடாது.”

இரண்டாம் வரியைத் தடமே தெரியாமல் சுரண்டி எறிந்துவிட்டுக் கூவினாள்.

இந்தமுறை கூவல் ஓயவில்லை, படையும் தட்டமுடியாமல் வந்தது. வந்தவன் போவதற்குள் அடுத்தவன் வந்தான். அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். முழங்கால் சிவந்தது, கொதித்தது, உப்பியது.

“எங்கடி பகை?” என்று கத்தினான் வெள்ளையப்பன்.

பகை எங்கே இருக்கிறது? கிருமியைக் கரைக்கக் கொண்டுவந்த அமிலத்தைக் கிடைத்த இடத்தில் கொட்டினார்கள். அங்கே கிடந்தவள் குருத்தாயி ஒருத்திதான்.

“நிறுத்துங்கடா! அது எங்க அக்கா!” என்று சொல்லத்தான் விளியம்மை வாயைத் திறந்தாள். ஓலையில் அந்த வரி இல்லையே! வாயிலிருந்து கூவல்தான் வந்தது. அதைக் கேட்டு இன்னும் நூறு பேர் ஓடிவந்தார்கள்.

கூப்பிட்ட அன்றைக்கே வந்திருந்தால் அவனுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

அன்று முதல்தான், சுரண்டிய அந்த ஓலையைப் பார்த்து எடுத்த படி வழிவழியாக வந்து சேர்ந்தவர்களுக்கு, முள் தைக்காமல், அடி படாமல், முழங்கால் தானாக வீங்குகிறது. உள்ளே ஒருத்தி தன் அக்காளைத் தின்னத் தானே ஆள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.