துரை சொன்ன பிக்விக்

கொம்பையூர் ராஜாவுக்குத் தலைப்பாகை பெரிசு. அதற்குள்ளே இருந்ததோ சுத்த வழுக்கை. விருந்துக்கு வந்த வெள்ளைக்காரத் துரை, போகும்போது சும்மா போகக்கூடாதா? ராஜாவின் கையைக் குலுக்கி, "நீங்கள் இந்த ஊர் பிக்விக்!" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறிவிட்டான். வந்தது வினை!

"பிக்விக்னா என்னய்யா?" என்றார் ராஜா.

இங்கிலீஷ் தெரிந்த திவான் கஸ்தூரி ராயர் முந்திக்கொண்டார். "பிக்னா பெரிய. விக்னா பொய்முடி. சீமையிலே ஆள் பெரிசாக ஆக, வைக்கிற பொய்முடியும் பெரிசாகுமாம். அதிலிருந்து வந்த பேச்சு. பெரிய மனுஷர்னு அர்த்தம், மகாராஜா!"

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ நமக்கும் ஒண்ணு வேணும். ஊர்ப் பெண்கள் சடையை எல்லாம் வெட்டிக் கொண்டாங்க!"

"அப்படியே, முடி பெரிசா இருக்கிறவருக்குத்தான் சபையிலே உசந்த இடம்னு ஒரு சட்டமும் போட்டுடலாம்" என்றார் ராயர், தன் குடுமியைத் தடவிக்கொண்டே. கண் மட்டும் ராஜாவின் யோசனைக்காரர் அழகர் பிள்ளையின் மொட்டைத்தலை மேல் இருந்தது.

"போட்டாச்சு!" என்றார் ராஜா.

பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்தார். இடம் போனால் போகட்டும், வாசற்படியில் உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மகள் சொர்ணத்துக்குக் கல்யாணம். பூச்சடை தைக்க வேண்டிய பெண் மொட்டையாகவா மணவறையில் உட்காருவாள்?

மறுநாள் சபைக்குப் பிள்ளை ஒரு பண்டாரத்தைக் கூட்டி வந்தார். சீப்பையே பார்க்காத சடாமுடி தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. பண்டாரம் நேரே போய்ச் சிம்மாசனத்தில் ராஜாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "சோறு எப்போ?" என்றார்.

"யோவ், யாருய்யா இவன்?"

"சட்டப்படி உசந்த இடம் இவருக்குத்தான், மகாராஜா. நீங்க கொஞ்சம் கீழே இறங்கணும்" என்றார் பிள்ளை.

ராஜா பல்லைக் கடித்தார். "இந்தச் சடையையே வெட்டி எனக்குப் பொய்முடி கட்டுங்கடா!"

"பேஷாக் கட்டலாம். ஆனா அதிலே பேன் பரம்பரை பரம்பரையாக் குடியிருக்கு. அதெல்லாம் உங்க தலைக்கு மேலே உட்காரும். அப்புறம் கொம்பையூரிலே உசந்த இடம் யாருக்கு, மகாராஜா?"

பண்டாரம் பறபறவென்று சொறிந்தார். ராயர் சொறிந்தார். ஒரு நொடியில் சபையே சொறிந்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டமும் போச்சு, கத்தரிக்கோலும் போச்சு. சொர்ணத்தின் பூச்சடையில் வைக்கத் தன் சடையிலிருந்த தங்கச் சடைவில்லை ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள் ராணி.

"அதெல்லாம் சரி பிள்ளை" என்றார் ராஜா. "துரை மறுபடி வந்து பிக்விக்னு சொன்னா நான் என்ன செய்யறது?"

"சந்தோஷம்னு சொல்லுங்க, மகாராஜா. தலைப்பாகையை மட்டும் கழற்றிடாதீங்க."